திருப்பி வைத்த செருப்பு

மூடிய ஆலோசனை அறைக்கு வெளியே மூன்று ஜோடிக் காலணிகள் காத்திருந்தன. கூட்டம் முடிகிற நேரத்தில் காவலாளி வந்து, தலைவர் உயிரோடு விட்டவர்களின் ஜோடியை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைப்பான். மற்றவை சாக்குக்குள் போகும். போன வாரம் நான்கு போயின.

தோல்செருப்பு பக்கத்து ஷூவை ஒட்டி நகர்ந்தது. "என் ஆளு போன கூட்டத்துல வாயைத் திறந்துட்டாரு."

"பயப்படாதே. தலைவருக்கு அடுத்து எங்க ஐயாதான். சொல்லி வைக்கிறேன்" என்றது பளபளப்பான ஷூ.

காவலாளி வந்தான். முதலில் ஷூவைச் சாக்கில் போட்டான். பிறகு, டீ கொண்டுபோகிறவரின் ரப்பர் செருப்பை எடுத்துத் துண்டால் துடைத்தான்.

"அடப்பாவி, நீதான் பெரிய இடமா?" என்றது தோல்செருப்பு.

"எனக்கே இப்பத்தான் தெரியுது. பேசாம என் வாரைப் பிடிச்சுக்கோ."

ரப்பர் செருப்பு திரும்பியபோது தோல்செருப்பும் கூடவே திரும்பிவிட்டது. இது யார் உத்தரவோ என்று பயந்து, காவலாளி கையை எடுத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. தோல்செருப்பின் ஆளை இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துவந்தார்கள். திரும்பியிருந்த செருப்பைப் பார்த்ததும் கையை விட்டுக் குனிந்து வணக்கம் வைத்தார்கள்.

"அடுத்த கூட்டத்துக்கும் என் பக்கத்துலயே நில்லுடா" என்றது ரப்பர் செருப்பு.