எலுமிச்சை பட்ட தரை

முழங்காலை மடித்து மறுபடியும் குனிந்தாள்.

கூடத்துச் சிவப்புத் தரையில், விளக்கு மாடத்துக்குக் கீழே, அரையடி அகலத்துக்கு எண்ணெய்க் கறை. மாமியார் காலத்திலிருந்து இறங்கி ஊறியது. அதன் மேல் கடலைமாவைத் தூவி இரண்டு மணி நேரம் விட்டிருந்தாள். இப்போது பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

தலைக்கு மேல் கோவர்த்தனன் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் கணவன். கும்பகோணத்தில் அப்பா விட்டுப்போன எழுபது வருஷத்து வீட்டுக்குள் இனிமேல் ரசாயனம் வரக் கூடாது என்று முடிவெடுத்தவன். பினாயில் போயிற்று. ஆசிட் போயிற்று. பழைய வீடுகளை இயற்கை முறையில் சுத்தம் செய்வது எப்படி என்று யூட்யூபில் ஒரு சேனலும் ஆரம்பித்துவிட்டான். ஒன்பதாயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

முடிவு அவனுடையது. முழங்கால் அவளுடையது.

வீடியோவில் அவள் கை மட்டும் வரும். முகத்தைக் காட்ட வேண்டாம் என்று முதல் நாள் அவள்தான் சொன்னாள். அன்று நைட்டியில் இருந்தாள். அதற்கப்புறம் அவனும் கேட்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நேரலை.

ரொம்ப சுலபம், பத்து நிமிஷ வேலை என்று அவன் போனைப் பார்த்துச் சொன்னான்.

நாற்பது நிமிஷமாகத் தேய்க்கிறாள்.

பூந்திக்கொட்டை மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அது நல்ல சரக்கு. தரையைக் கெடுக்காது, ஆசிட் மாதிரி விரலை உரிக்காது. எத்தனை கொட்டைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம் ஊற வேண்டும் என்று போட்டுப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தவளே அவள்தான்.

அவன் கேள்விகளை வாசித்துக்கொண்டு வந்தான்.

நாச்சியார்கோவிலிலிருந்து செண்பகம் என்று ஒரு பெண். போன வாரம் சார் சொன்னபடி சிவப்புத் தரையில் எலுமிச்சைச் சாறு ஊற்றித் தேய்த்தாளாம். தரை வெளுத்துத் திட்டுத்திட்டாகிவிட்டதாம். இருப்பது அண்ணன் வீடு. வெள்ளிக்கிழமை அண்ணி வருகிறார். என்ன செய்வது?

நார் நின்றது.

எலுமிச்சை வேண்டாம் என்று அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள். படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை. எடுக்கும்போதே ஒரு தடவை, அதை வெட்டிவிட்டான். போட்ட பிறகு ஒரு தடவை. பித்தளைக்குச் சரி, சிமென்டுத் தரைக்குப் புளிப்பு ஆகாது, மெருகைத் தின்றுவிடும் என்றாள். அடுக்களை மூலையில் ஒரு தடவை எலுமிச்சை ஊற்றிப் பட்டுத் தெரிந்துகொண்டது அது. எலுமிச்சை திரையில் மஞ்சளாக நன்றாக இருக்கும், ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றான் அவன்.

இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டான். கவலை வேண்டாம் சகோதரி, நாளாக நாளாகத் தானாகச் சரியாகிவிடும் என்றான்.

அடுத்த கேள்விக்குப் போனான்.

அவள் எழுந்தாள். நாரை அவன் கையில் வைத்தாள்.

"தேய்ங்க."

அவன் போனைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஸ்டாண்டிலிருந்து போனைக் கழற்றிக் கையில் எடுத்தாள். இருநூற்றுப் பதினாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே தேய்த்தான்.

பிறகு பேச்சு குறைந்தது.

பிறகு மூச்சு மட்டும் கேட்டது.

அவள் போனைத் தன் பக்கம் திருப்பினாள். தலை கலைந்திருந்தது. நெற்றியில் கடலைமாவு. துடைக்கவில்லை.

"செண்பகம், இருக்கீங்களாம்மா? எலுமிச்சை ஊத்தச் சொன்னது எங்க தப்பு. இனிமே ஒரு சொட்டு படக் கூடாது. வெறும் தண்ணி விட்டு நாலு தடவை கழுவுங்க. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அப்புறம் பழைய பருத்தித் துணியில தேங்காயெண்ணெயத் தொட்டு, தொட்டும் தொடாம, தினம் தேய்ங்க. பழைய மெருகு முழுசா வராது, பொய் சொல்ல மாட்டேன். திட்டு மட்டும் கண்ணை உறுத்தாம அடங்கும்."

கீழே நாரின் சத்தம் நின்றிருந்தது.

திரையில் செண்பகம் எழுதினாள். அண்ணி கேட்டால் என்ன சொல்வது?



"எங்க பேரைச் சொல்லுங்க. கோவம்னா என்கிட்டப் பேசச் சொல்லுங்க" என்று தன் நம்பரைச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

அதற்கப்புறம் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. மொசைக் தரைக்கு என்ன? கடப்பைக் கல்லுக்கு? சுண்ணாம்புச் சுவரில் கரி பிடித்தால்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். எப்போது நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பின்னாலிருந்து கோவர்த்தனன் ஏதோ கேட்டான். அழுக்குத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று.

அவள் தேவகோட்டைக்காரர் ஒருவருக்கு மரத்தூணைத் துடைப்பது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

வாளியோடு அவன் ஒரு கதவைத் திறப்பது கேட்டது.

மூடினான்.

இன்னொன்றைத் திறந்தான்.