வழுக்கும் கிளட்ச்

வல்லம் வடகாலின் விடியல் பனியில் பழைய புல்டோசர் கனவு கண்டுகொண்டிருந்தது. அதை எழுப்பிவிடும் சின்ன பெட்ரோல் இன்ஜின் என்னவோ ஓடியது. நடுவிலிருந்த கிளட்ச் பாதி பிடித்து வழுக்கியதால், பெரிய டீசல் இன்ஜின் ஒருமுறை முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

“நேத்துதானே டைட் பண்ணே, ஜோயல்?” என்றார் சூப்பர்வைசர் தணிகாசலம்.

“தெனம் சாயங்காலம் பண்றேன் சார். காலையில லூசாயிடுது. தோ, அந்தக் குருவிகூட என்னைப் பாத்துக் கத்தி மானத்தை வாங்குது.”

“நாளைக்கும் ஸ்டார்ட் ஆவலன்னா வேற மெக்கானிக்காம். ஓனர் சொல்லிட்டாரு.”

மறுநாள் ஜோயல் எல்லாருக்கும் முன்னால் வந்தான். பனிக்குள் ஓர் உருவம் குனிந்து, ஸ்பேனரால் கிளட்சைத் தளர்த்திக்கொண்டிருந்தது.

“சார்... நீங்களா?”

தணிகாசலம் ஸ்பேனரை நீட்டிக் காட்டினார். பிளேடுக்கு முன்னால், சரளைக்கல்லோடு கல்லாக, ஆள்காட்டிக் குருவியின் நாலு முட்டைகள்.

“குஞ்சு பொரிக்கட்டும்னுதாம்பா. ஓனராண்ட நான்தான்னு சொல்லிடறேன். உன் வேலை போவாது.”

ஜோயல் ஸ்பேனரை வாங்கிக்கொண்டான்.

“நவுருங்க சார். லூஸ் பண்றதையும் ஒழுங்கா பண்ணணும். நீங்க பண்ணா பாதி புடிக்குது.”