பாலத்து மேடு

"யாருப்பா அது, வண்டிய தள்றது?"

துரைராஜ் மிதித்துக்கொண்டே கேட்டார். கோட்டூர்புரம் பாலத்து மேட்டில் பாதியில் நின்றுபோன ட்ரைசைக்கிள் திடீரென்று நகர ஆரம்பித்திருந்தது. ஆழ்வார்பேட்டை பங்களா ஒன்றில் வெட்டிய தூங்குமூஞ்சி மரத்தின் கட்டைகளும் கிளைகளும் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றிக் கட்டப்பட்டிருந்தன. திரும்பினாலும் இலைதான் தெரியும்.

"சும்மா போய்க்கினு இருந்தேன். மேடு ஏற முடியாம கஷ்டப்பட்டீங்க. மிதிங்க, தள்றேன்" என்றது ஒரு பெண்குரல்.

துரைராஜின் கால் பெடலில் ஒருமுறை வழுக்கியது. சமாளித்துக்கொண்டார்.

"கை வலிக்கப் போவுது."

"பரவால்ல. மரம் வெட்றதும் நீங்கதானா?"

"முன்ன நான்தான். இப்ப வேற ஆளு ஏறி வெட்றான். கீழ விழுந்தத வாரிக்கினு போய் விறகுத்தொட்டிக் கடைல போடறதோட சரி."

"ஏன் வுட்டீங்க?"

ஒரு பஸ் உரசுவதுபோல் கடந்து போனது.

"மயிலாப்பூர்ல மரத்துலேர்ந்து வுழுந்துட்டேன். இடுப்புல அடி. மாசக்கணக்குல படுக்கை. என் சம்சாரம்தான் தூக்கி ஒக்கார வெச்சு சோறு ஊட்டுனா. இனிமே ஏறமாட்டேன்னு அவ தலைல அடிச்சு சத்தியம் பண்ணேன். நல்லா நடக்க ஆரம்பிச்சதும் அவளுக்குத் தெரியாம ஏறிட்டேன். அன்னிக்கே துணிய எடுத்துக்கினு கோடம்பாக்கத்துல அவ அக்கா வூட்டுக்குப் போய்ட்டா."

"அப்புறம்?"

"அப்புறமும் ஏறினேன். வீம்பு. ஒருநாள் உச்சாணில நின்னுகினு கீழ பாத்தேன். எப்பவும் அவ அங்க அண்ணாந்து பாத்துகினு நிப்பா. 'பாத்து, பாத்து'ன்னுகினே இருப்பா. அன்னிக்கு வெறுந்தரைதான் கீது. அப்ப எறங்கினவன்தான், அப்புறம் ஏறல."

வண்டி நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் மரத்தப் பாத்தா ஏறத் தோணாதா?"

"தோணும். கால் எழும்பாது."

"இத அவங்களாண்ட போய் சொல்லலாம்ல?"

"பொய் சொன்ன வாயி. நம்புவாளா? அவ அக்கா வூட்டு தெருமுனை வரைக்கும் போவேன். அங்கேர்ந்தே திரும்பிடுவேன்." மூச்சு வாங்கியது. "வூட்ல எதுனா காணோம்னா இன்னும் அவ பேர சொல்லித்தான் கூப்டறேன். கூப்ட்டப்புறம்தான் நெனப்பு வருது."

மேடு முடிந்தது. இனி இறக்கம்தான், தள்ள வேண்டியதில்லை. துரைராஜ் பிரேக்கைப் பிடித்து வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்தவள் முன்னால் வரவும் இல்லை, போய்விடவும் இல்லை. கீழே ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"வழியில போற பொம்பளைங்க எல்லாம் என்னிய அண்ணேன்னுதான் கூப்டுவாங்க" என்றார் துரைராஜ் மெதுவாக. "நீ ஒரு தடவகூட கூப்டல. வூட்டுக்கு வா, சொர்ணம்."