குறையில்லாத புதுமுகம்

ஹாக்கி லீக்கின் சிறந்த புதுமுகத்தைத் தேர்ந்தெடுக்கப் புதுச்சேரியில் குழு கூடியிருந்தது. தேர்வாகிறவனுக்கு இந்திய முகாமில் இடம் நிச்சயம். பயிற்சியாளர் செல்வகுமார் தன் முத்தியால்பேட்டைப் பையன் விஜய்க்காக மன்றாடினார்.

"சீசன்லயே அதிக கோல் அவன்தான் சார்."

"பாஸே குடுக்க மாட்டான்," என்றார் குழு உறுப்பினர் பலராமன்.

"அந்தக் காலாப்பட்டு கோல்கீப்பர்?" என்றார் தலைவர்.

"ஃபைனல்ல கோட்டை விட்டானே."

தலைவருக்குப் பசித்தது. "குறையே சொல்ல முடியாத பையன் ஒருத்தனும் இல்லையா?"

"செல்வகுமார் டீம்லயே ஹாதி இருக்கான். ஒரு தப்பு பண்ணல, ஒரு கார்டு வாங்கல," என்றார் பலராமன்.

செல்வகுமார் வாய் திறப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

வாசலில் விஜய் காத்திருந்தான்.

"ஹாதிக்குக் குடுத்துட்டாங்கடா."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"நீ பண்ணல, நான்தான். உன்னையும் அவன மாதிரி சீசன் முழுக்க பெஞ்சுலயே உக்கார வச்சிருக்கணும்."