திருடன் வேஷம் கிடையாது

"மந்திரவாதி, வீரன், வைத்தியர், எந்த வேஷம் வேணா எடுத்துக்கங்க. திருடன் மட்டும் கிடையாது" என்றான் ஆட்டத்தை நடத்தும் லானி.

வெர்னாவுக்கு முகம் தொங்கிவிட்டது. சனிக்கிழமை மதியம் அமெரிக்காவின் மில்வாக்கி நகர நூலகத்துக்கு, ஆளுக்கொரு வேஷமெடுத்துப் பகடை உருட்டும் கற்பனைக் கதை ஆட்டத்துக்கு அவர் வந்ததே அதற்காகத்தான்.

"கற்பனைதானேப்பா! வாழ்நாள் பூரா யோக்கியமா இருந்து சலிச்சுப்போச்சு. ஒரே ஒரு பூட்டை உடைச்சுக்கறேனே!"

"கெஞ்சாதீங்கம்மா."

"ஆட்டத்தோட விதியிலயே திருடன் உண்டு. தடுக்க நீ யாரு?"

பக்கத்தில் இருந்த பாதிரியார் சிரித்தார். "பாவம், விட்டுக்கொடேன் லானி."

லானி நெளிந்தான். "விட்டுக்கொடுக்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? என்னை ஜெயில்லேர்ந்து வெளியே விடும்போது நீங்கதானே சொன்னீங்க ஜட்ஜம்மா, 'இனி திருடனுங்களோட சேர்ந்தா மறுபடியும் உள்ளேதான்'னு?"

வெர்னா பகடையைக் கையில் எடுத்தார்.

"சரி, வைத்தியராவே இருந்து தொலைக்கிறேன்."