பின் சீட்டு

புதுப்பட்டினத்தில் பழைய கார் விற்கும் கொட்டகைக்குள் காலை வெயில் இரண்டு வண்டிகள் மீதும் சாய்ந்து விழுகிறது. ஞானதாஸ் மூன்றே வருடம் ஓடிய சிவப்பு வண்டியில் உட்கார்ந்து, மின்னும் திரையை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மனைவி சாராளை இதில் கூட்டிப்போய் சர்ச் வாசலில் இறக்க வேண்டும். பக்கத்தில் பதிமூன்று வயது வெள்ளை வண்டி, சாயம் வெளுத்து நிற்கிறது. கடைக்காரர் பார்த்திபன் சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் கிளம்பிச் சீராக ஓடுகிறது. "இது எங்கயும் நின்னதில்ல சார். சிவப்பு ரெண்டு தபா ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்துகீது, மறைக்கமாட்டேன்." சாராள் வெள்ளை வண்டியின் பின் கதவைத் திறந்து உள்ளே படுத்துப் பார்க்கிறாள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குச் செங்கல்பட்டு போய் வருகிறவள். "இதுல காலு நீட்ட முடியுது. திரும்பி வரச்சொல்ல படுத்துகினே வர்லாம்." "இதுலயும் வந்து பாரேன், ஏசி ஜில்லுனு கீது," என்கிறார் ஞானதாஸ். அவள் வராததால் இறங்கி வந்து எட்டிப் பார்க்கிறார். நேற்றைய ஊசிக்குப் போட்ட கட்டோடு கையை மார்பில் வைத்தபடி அவள் தூங்கிவிட்டிருக்கிறாள். இன்ஜினை அணைக்கப் போகும் பார்த்திபனின் கையை மெல்லப் பிடித்து நிறுத்துகிறார். பிறகு திரும்பிப் போய், சிவப்பு வண்டியின் கதவைச் சத்தம் வராமல் சாத்துகிறார்.