இருபத்திரண்டாம் எண் களிம்பு

டாக்டர் பாலசுந்தரத்தின் இரும்பு அலமாரியைத் திறக்கும் முன் பக்கிரிசாமி இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக அந்தக் கிளினிக்கில் உதவியாளராக இருப்பவர். ஒரு பஞ்சுச் சுருளைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

பிரிக்பீல்ட்ஸில் தோல் வியாதி என்றால் பாலசுந்தரம் கிளினிக்தான். அந்த 1986ஆம் வருடம் அங்கே ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. புற்றுநோய்க்கு ஊசியாகப் போடும் பழைய மருந்து ஒன்றைக் களிம்பில் கலந்து பூசினால் சொரியாசிஸ் அடங்குமா என்று பார்க்கும் பொறுப்பை, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று டாக்டரிடம் ஒப்படைத்திருந்தது. நாற்பது நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்து கலந்த களிம்பு, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. டியூப்பின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். யாருக்கு எது என்ற பட்டியல், ஒட்டிய உறைக்குள் அந்த அலமாரியில் இருந்தது.

பதினேழாம் எண், பக்கிரிசாமியின் மனைவி பூமணி.

பூமணி காலை நேரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தோசை சுட்டு விற்றவள். உள்ளங்கை சிவந்து வெடித்து, செதில் செதிலாக உரியத் தொடங்கியதும் கூட்டம் குறைந்தது. "இது ஒட்டிக்கிற வியாதி இல்லண்ணே" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். தினமும் வரும் லோரி டிரைவர் ஒருவர், "இன்னிக்குப் பசிக்கல லா அக்கா" என்று சொல்லிவிட்டு, நாலு கடை தள்ளிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். மறுநாள் அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.

முதல் மாத டியூப் தீர்ந்தும் கை ஆறவில்லை.

"எனக்குச் சும்மா களிம்புதாங்க வந்திருக்கு," என்றாள். "வேணும்னா பாருங்க."

அவர் பார்த்துவிட்டார். டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தேநீருக்கு வெந்நீர் போடும் கேத்தலின் ஆவியில் உறையைக் காட்டிப் பிரித்தார். பதினேழு: வெறும் களிம்பு. இருபத்திரண்டு: மருந்து.

இருபத்திரண்டாம் எண் வல்லிபுரம், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். முழங்கைப் படை மங்கிவிட்டது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கையை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத்தான் பாதி ஆறிவிட்டதே என்று பக்கிரிசாமி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டாம் மாத டியூப்புகளில் எண் சீட்டுகளை மாற்றி ஒட்டினார்.

"இது அசல் மருந்து. எப்படி வந்துச்சுன்னு கேக்காத," என்று பூமணியிடம் கொடுத்தார். பூசிய மருந்து தண்ணீரில் போய்விடக் கூடாதென்று அவளைக் கை நனைக்கவே விடாமல், பாத்திரத்தையும் துணியையும் அவரே கழுவினார், துவைத்தார்.

மூன்றே வாரத்தில் பூமணியின் உள்ளங்கை வழவழப்பாகிவிட்டது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதாள். அடுத்த வாரம் கடை போட்டாள். பழைய லோரி டிரைவர் நாலு தோசை சாப்பிட்டு, இரண்டைப் பொட்டலமாகவும் கட்டச் சொன்னார்.

ஆனால் வல்லிபுரம் அடுத்த முறை முழுக்கைச் சட்டை போட்டு வந்தார். கழுத்து வரைக்கும் படை ஏறியிருந்தது.

"மருந்து இப்ப எனக்குக் கேக்குதில்லை தம்பி," என்றார் மெதுவாக. "மகளின்ர கலியாணம் வருது. சபையில எப்பிடி நிக்கிறதெண்டு யோசிக்கிறன்."

பக்கிரிசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் கடைசி நோயாளி போனதும் டாக்டரின் அறைக்குள் போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டாக்டரின் முகம் வெளிறியது.

"உறையைப் பிரிச்சியா? வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது டாக்டர். போலீஸ்ல சொல்லுங்க. கம்பெனிக்கும் எழுதுங்க, திருடினது நான்தான்னு கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆனா வல்லிபுரம் ஐயாவுக்கு மட்டும் அவரு மருந்தைக் குடுத்துருங்க."

டாக்டர் எழுந்து வந்து பக்கிரிசாமியின் தோளில் கை வைத்தார்.

"பெண்டாட்டிக்காகச் செஞ்சிட்ட. போலீசும் வேணாம், கம்பெனியும் வேணாம். வல்லிபுரத்துக்கு வேற மருந்து எழுதி நான் சரியாக்குறேன். இதை நீயும் மறந்துரு, நானும் மறந்துர்றேன்."

டாக்டர் தடுக்கத் தடுக்க, பக்கிரிசாமி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வீட்டில் விஷயத்தைக் கேட்ட பூமணியால் நம்பவே முடியவில்லை. "இந்தக் காலத்துல இப்படியும் ஒரு மனுசனா?" என்றாள். அடுத்த நாளிலிருந்து டாக்டருக்குக் காலைச் சாப்பாடு அவள் கடையிலிருந்துதான் போனது.

அன்று பக்கிரிசாமி அறையைவிட்டு வெளியேறியதுமே டாக்டர் கதவைத் தாழிட்டிருந்தார். பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். பதினேழாம் எண்ணுக்கு எதிரே 'மருந்து' என்றும், இருபத்திரண்டுக்கு எதிரே 'வெறும் களிம்பு' என்றும் குறித்தார். அறிக்கை முன்பைவிட நன்றாக வந்திருந்தது.

இறக்குமதிக்கான அனுமதிக் கடிதத்தை அவர் வாங்கத் தவறியதால் கம்பெனி அனுப்பிய மருந்துப் பெட்டி நான்கு மாதமாகக் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கிலேயே கிடந்தது. நாற்பது டியூப்பிலும் அவர் அடைத்துக் கொடுத்திருந்தது ஒரே வெறும் களிம்பைத்தான்.